அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்கு மாத்திரை: எதைக் கவனிப்பது, எப்போது நிறுத்துவது

முதலில் அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆக்ஸிபியூட்டினின், டோல்ட்ரோடின், சோலிஃபெனாசின், டேரிஃபெனாசின் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளை இவை தடுக்கின்றன. மிராபெக்ரான் வேறு வழி: பீட்டா-3 ஏற்பியை (தசை செல்லில் செய்தியை வாங்கும் இடம்) தூண்டித் தசையைத் தளர்த்தும்.

முதல் வகையில் பெரும்பாலோரைப் படுத்துவது வாய் உலர்வுதான். உமிழ்நீர் சுரக்கவும் குடல் அசையவும் அதே அசிட்டைல்கோலின் வேண்டுமே! வாய் காய்கிறதென்று தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு ஓடுவதும் கூடும். பழி மாத்திரைமேல் விழும். ஒரு வாய்த் தண்ணீரால் கொப்பளியுங்கள், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் சொத்தையாகும் என்பதால் இனிப்பு மிட்டாய் வேண்டாம். மலச்சிக்கலையும் விட்டுவைக்காதீர்கள். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கி அவசரத்தை அதிகமாக்கும்.

உலர்வு தாங்கவில்லையென்றால் மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் எக்ஸ்ஆர் வகைக்கு மாற்றமுடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முதல் வகை மாத்திரைகளால் வியர்வையும் குறையும் என்பதால் கடும் வெயிலில் உடல் சூடேறலாம்.

குறுங்கோணக் கண் அழுத்த நோய் (நேரோ ஆங்கிள் கிளாகோமா), சிறுநீர் முழுதாக வெளியேறாத நிலை, இரைப்பை காலியாவதில் கடும் தாமதம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமைன், வலிக்கோ தூக்கத்துக்கோ தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அதே விளைவைச் சேர்ப்பவை. முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வந்தால், வயதின் மேல் போடாமல் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். மறதி நோய்க்கான டோனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து. அதையும் முதல் வகை மாத்திரையையும் சேர்த்துத் தருவது ஒரு கையால் ஏற்றி மறு கையால் இறக்குவதுதான்.

மிராபெக்ரானில் வாய் உலர்வு குறைவு, ஆனால் இரத்த அழுத்தம் ஏறலாம். தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் அளந்து குறித்துவையுங்கள். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110-ஐத் தொட்டுக் கட்டுக்குள் வராதவர்களுக்கு இது ஆகாது. மெட்டோப்ரோலால், டிகாக்ஸின் ஆகிய இதய மருந்துகள் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். இரத்தத்தில் அவற்றின் அளவு கூடும். வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 50-க்கு ஏற்றுவார்கள்.

எந்த வகையானாலும் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். ஒருவேளை மறந்தால் மறுவேளை இரட்டிப்பாக்காதீர்கள்.

அடிவயிறு உப்பியும் சிறுநீர் இறங்கவில்லை, கண் சிவந்து திடீரென வலித்துப் பார்வை மங்குகிறது, முகமோ உதடோ நாக்கோ வீங்குகிறது என்றால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை அட்டையோடு.