ஒரே நெல்லை மூன்று பேர் கண்ணால் காட்டுவது: போன் வீடியோ செய்முறை

ஊரைப் பற்றி வீடியோ என்று கிளம்பி ஆளுக்கு ஆள் மைக்கை நீட்டினால் பேட்டிதான் மிஞ்சும். அவரவர் கண் எங்கே போகிறது என்று பிடிக்க வேண்டும். நான் எடுத்தது மன்னார்குடிப் பக்கம், குறுவை அறுப்பு சமயம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்.

1. எல்லாருக்கும் பொதுவான ஒரு கணத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் எடுத்துக்கொண்டது ஈரப்பதம் பார்க்கும் நேரம். 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை மறுபடி காயப்போட வேண்டும் (மழை வருஷங்களில் மத்திய அரசு தளர்வு கொடுப்பதும் உண்டு). அந்த நேரத்தில் விவசாயி எழுத்தரின் முகத்தையே பார்க்கிறார். எழுத்தர் மீட்டரைப் பார்க்கிறார். லோடுமேன் அண்ணன் இரண்டையும் பார்ப்பதில்லை; லாரி வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கிறார்.

2. அனுமதி

முதல் நாளே போய்க் கேளுங்கள். சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் எதுவும் ஃபிரேமில் வரக்கூடாது.

3. கேமரா உயரம்

விவசாயி குவியல் பக்கத்தில் குந்தியிருந்தால் நீங்களும் குந்துங்கள். 40 கிலோ மூட்டை தலையில் ஏறினதும் லோடுமேனுக்குத் தெரிவது தரையும் முன்னால் போகிறவர் குதிகாலும்தான். அதனால் போனைத் தாழ்த்திப் பிடித்து, அவர் நடந்த தடத்திலேயே நடந்து எடுங்கள். போனை அவர் நெஞ்சில் கட்டும் பட்டை வேண்டாம், சுமக்கிறவருக்கு இடைஞ்சல்.

4. பேச வைப்பது

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். “உங்க பிரச்சினை என்னங்க?” என்று கேட்டால், “அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும்” என்று டிவிக்குச் சொல்வது போலச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அதற்குப் பதில், எடுத்த துண்டை வெட்டாமல் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். “இதுல மொதல்ல உங்க கண்ணு எங்க போச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பேசுவதை ரெக்கார்ட் செய்யுங்கள். விவசாயி ஒருவர் சொன்னது: “இங்க பாருங்க தம்பி, தார்ப்பாய் ஓரம் மடங்கிக் கெடக்கு. ராத்திரி தூறல் போட்டா அடி நெல்லு நனஞ்சிரும்.” நான் அந்த மடிப்பைக் கவனிக்கவே இல்லை. உடனே போய் அதைக் கிட்டத்தில் எடுத்தேன். மூவருக்கும் அதே துண்டையே காட்டுங்கள், வேறுவேறு துண்டு வேண்டாம்.

தூற்றும் மெஷின் சத்தத்தில் குரல் எடுபடாது. கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று கிடைத்தால் அதுவே ஸ்டுடியோ.

5. எடிட்டிங்

கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். திரையை மூன்றாகப் பிரிக்காதீர்கள், போன் திரையில் ஒன்றும் தெரியாது. அதே கணத்தை மூன்று தடவை வரிசையாக வையுங்கள். மெஷின் சத்தத்தைத் தனியாக எடுத்துவைத்து மூன்றுக்கும் அடியில் அறுபடாமல் ஓட விடுங்கள். சோகப் புல்லாங்குழல் வேண்டவே வேண்டாம். வேறுவேறு நெல்லுக்குப் பார்த்த சோதனைகளை ஒட்டியிருந்தால் அதைத் திரையில் எழுதிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: சாயங்காலம் டியூப்லைட்டில் எடுத்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிளாக்மேஜிக் கேமரா செயலியில் (இலவசம்தான்) விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: கிளிப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.