பாசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவுக்கு மாற்றுவது: டைனமோவையும் காயிலையும் மறக்காதீர்கள்

என் 1957 மோரிஸ் மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது, அதாவது பாசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஓடுவதற்கு அதனால் ஒரு குறையும் கிடையாது. இன்றைய ரேடியோ, போன் சார்ஜர், எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர் என்று ஏதாவது மாட்டும் எண்ணம் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். காருக்கு எந்த முனை எர்த் என்பதில் பிடிவாதம் எதுவும் இல்லை.

முதலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். காரைச் சுற்றி வந்து, எதற்கெல்லாம் திசை முக்கியம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பல்பு, ஹாரன் இரண்டுக்கும் கவலை இல்லை. செல்ஃப் மோட்டாரில் ஃபீல்டு (காந்தம் உண்டாக்கும் நிலையான சுருள்), ஆர்மேச்சர் (சுழலும் சுருள்) இரண்டிலும் மின்சாரம் சேர்ந்தே திரும்புவதால் அது பழைய பக்கமே சுற்றும். ஃபீல்டு காயில் வைத்த பழைய வைப்பர் மோட்டாரும் அப்படியே. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும்: பிற்பாடு யாரோ மாட்டிய வாஷர் பம்ப், ஹீட்டர் ஃபேன் போன்றவை. அவற்றின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் போதும். ஆம்மீட்டர் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும். எஸ்.யூ. கம்பெனியின் மின்சார பெட்ரோல் பம்பின் மூடியைத் திறந்து பாருங்கள். பாயிண்டுக்கு (திறந்து மூடும் தொடுமுனை) குறுக்கே டயோடு இருந்தால் அதைத் திருப்ப வேண்டும். கண்டென்சர் என்றால் தொடவே வேண்டாம். எலக்ட்ரானிக் ஃபிளாஷர், எல்.இ.டி. பல்பு, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இவற்றைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். தலைகீழ் மின்சாரம் ஒரு நொடி பாய்ந்தாலும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

இனி பேட்டரி. எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியை அப்படியே திருப்பி வைத்தால் வயர்கள் எட்டும். ஆனால் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடக் கொஞ்சம் பருமன் என்பதால் பழைய கிளாம்புகள் இடம் மாறாது: ஒன்று நுழையாது, மற்றது லொடலொடக்கும். முனையை அரத்தால் ராவுவது, தகடு சுற்றி இறுக்குவது எல்லாம் வேண்டாம். இரண்டு புதுக் கிளாம்பு போடுங்கள். இப்போதைக்கு பேட்டரியை இணைக்காதீர்கள்.

பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்டேஜ் தரும் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இரண்டு சிறிய டெர்மினல்கள் இருக்கும். அந்த இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். சி.பி. இனி இக்னிஷன் சுவிட்சுக்கு, எஸ்.டபிள்யூ. டிஸ்ட்ரிபியூட்டருக்கு. முதல் தடவை நான் இதைத்தான் மறந்தேன். வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆனது, நன்றாகவே ஓடியது, அதனால் சந்தேகமே வரவில்லை. மேட்டில் ஏறும்போது மட்டும் திக்கித் திணறியது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்து மேய்ந்த பிறகுதான் காயில் பக்கம் கண் போனது. பிளக்கின் நடு முனை சூடானது. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது சுலபம். அதனால் நடு முனை நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவிவிடும். திசை மாறினால் காயில் அதிகம் முக்க வேண்டும்; சும்மா ஓடும்போது இது தெரியாது, பாரம் ஏறும்போது தெரியும்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோதான் இதில் முக்கியமான ஆள். அதன் ஃபீல்டு இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம்தான் எந்தத் திசையில் மின்சாரம் பிறக்கும் என்று தீர்மானிக்கிறது. பேட்டரியை மட்டும் திருப்பினால் டைனமோவுக்குச் சேதி போகாது, அது பழைய திசையிலேயே வோல்டேஜ் தரும். இரண்டையும் இணைக்கும் தானியங்கி சுவிட்சான கட்-அவுட் மூடிக்கொண்டால் டைனமோவும் பேட்டரியும் வரிசையாகக் கோத்தாற்போல் சேர்ந்து, அதன் பாயிண்டுகள் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

டைனமோவின் பின்பக்கம் டி (டைனமோ வெளியீடு), எஃப் (ஃபீல்டு) என்று இரண்டு டெர்மினல்கள். இரண்டு வயரையும் கழற்றி, எதிலும் படாமல் தள்ளிக் கட்டுங்கள். எஃப் வயரைக் கழற்றாமல் அடுத்த வேலையைச் செய்தால், டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்ட் பழுதாகும். இப்போது பேட்டரியை நெகட்டிவ் எர்த்தாக இணையுங்கள். நீளமான வயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் பொருத்தி, மறு முனையால் எஃப் டெர்மினலை ஒரு நொடி தொட்டு எடுங்கள். மூன்று நான்கு தடவை போதும், மிச்சக் காந்தம் புதுத் திசைக்குத் திரும்பிவிடும். பொறி பறக்கும், பயப்பட வேண்டாம், பாய்வது சுமார் 2 ஆம்பியர்தான். பொறி டைனமோ பக்கம்தான் பறக்க வேண்டும், பேட்டரி பக்கம் அல்ல, ஏனென்றால் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

பேட்டரியின் எர்த்தை மறுபடி கழற்றிவிட்டு, டி, எஃப் வயர்களை அதனதன் இடத்தில் மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, நெகட்டிவ் முனைக்கும் எர்த் கிளாம்புக்கும் இடையே ஒரு 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். பிரகாசமாக எரிந்தால் எங்கோ கோளாறு; தேடிக் கண்டுபிடியுங்கள். எரியாவிட்டால் நேராக மாட்டலாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். இக்னிஷன் விளக்கு அணைய வேண்டும், பேட்டரியில் வோல்டேஜ் 13க்கு மேல் ஏற வேண்டும். வேகம் கூடக் கூட விளக்கும் பளிச்சென்று எரிந்தால் டைனமோ இன்னும் பழைய திசையில்தான் இருக்கிறது. உடனே அணைத்துவிட்டு, எஃப் வேலையை மறுபடி செய்யுங்கள்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ‘நெகட்டிவ் எர்த்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இந்த மாடல் பாசிட்டிவ் எர்த் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் ஒரு நாள் ஜம்ப்பர் கேபிளோடு உதவிக்கு வருவார்.