மூவாயிரத்து எண்ணூறு பேர் வாழும் ஊரில் குடியேறுவது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் குடியேற விரும்புகிறவர், அந்த ஊரை முதலில் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போய்ப் பார்க்க வேண்டும். கான்சஸ் மாநிலத்தின் நடுவே இருக்கும் லிண்ட்ஸ்போர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் அங்கு நடக்கும் சுவீடிஷ் விழாவுக்குப் போனவர், பூட்டன் காலத்து உடையணிந்த பிள்ளைகள் தெருவில் ஆடுவதையும், நடைபாதையில் வண்ணம் தீட்டிய குதிரைச் சிலைகள் நிற்பதையும் பார்த்துவிட்டு அன்றே வீடு தேடத் தொடங்குவார். வயல் பழுப்பேறி, சமவெளிக் காற்று முகத்தில் அறைந்து, மாலை ஏழு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிடும் நாளிலும் அந்த ஊர் பிடிக்கிறதா என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று இரவுகளாவது தங்குங்கள். மளிகைக் கடையிலும் அஞ்சலகத்திலும் நூலகத்திலும் அவசரமில்லாமல் நேரத்தைச் செலவிடுங்கள்.

அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஊரை எது தாங்கி நிற்கிறது என்பது. சுவீடனிலிருந்து வந்தவர்கள் 1869இல் லிண்ட்ஸ்போர்க்கை நிறுவினார்கள். 1881இல் பெத்தனி கல்லூரியைத் தொடங்கினார்கள். 1882 முதல் ஈஸ்டரையொட்டிய புனித வாரத்தில் ஹாண்டல் இயற்றிய 'மெசையா' என்ற கிறிஸ்தவ இசைப்படைப்பை ஆண்டுதோறும் பாடிவருகிறார்கள். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின், முன்பு பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழ முடிந்தது. அதனால் சமவெளி மாநிலங்களில் எத்தனையோ ஊர்கள் பிள்ளைகள் குறைந்து, பள்ளிகள் இணைக்கப்பட்டு, கடைசியில் மளிகைக் கடையையும் இழந்தன. லிண்ட்ஸ்போர்க் தன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைமையிடம்கூட அல்ல. அந்தப் பெருமை மெக்பெர்சன் என்ற ஊருக்கு உரியது. கல்லூரி இல்லாதிருந்தால் லிண்ட்ஸ்போர்க்கும் இளைத்துத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே நீங்கள் பார்க்கும் ஊரில் கல்லூரி, மருத்துவமனை, கவுண்டி அலுவலகம், தொழிற்சாலை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளி மாவட்டத்தில் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊர் எப்படியிருக்கும் என்பது ஓரளவு புலப்பட்டுவிடும்.

மருத்துவமனையைப் பற்றி விரிவாகவே விசாரியுங்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஒரு வகைச் சிறிய மருத்துவமனைகள்தாம் நாட்டுப்புறத்தின் உயிர்நாடி: 25 படுக்கைகளுக்கு மிகாமல், 24 மணி நேரமும் அவசரப் பிரிவு திறந்திருக்க, அரசின் மெடிகேர் காப்பீட்டிலிருந்து செலவுக்கேற்ற தொகை பெற்று நடப்பவை அவை. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அவை போதும். ஆனால் பிரசவப் பிரிவை மூடிவிட்ட மருத்துவமனைகள் ஏராளம். குழந்தை எதிர்பார்க்கும் குடும்பமானால், பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும், பனி கொட்டும் இரவில் அங்கு சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே வண்டியோட்டிப் பார்த்துவிட வேண்டும். ஆம்புலன்ஸையும் தீயணைப்பு வண்டியையும் பல ஊர்களில் தன்னார்வலர்களே ஓட்டுகிறார்கள். வயலில் இருக்கும் ஒருவர் இடுப்பிலுள்ள பேஜர் ஒலித்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வீட்டிலிருந்தே வேலை செய்தாலும், வேறொரு பகுதிக்குக் குடிபெயர்ந்தால் பணியிடம் மாறியதாகவே கருதப்படும். நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்த பிறகே பெட்டி கட்ட வேண்டும். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த மருத்துவர்களுக்கு நேர்மாறான நிலை: மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றச் சம்மதித்தால், தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெறலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் உண்டு. நம்மவர் பலர் முன்பின் கேள்விப்படாத ஊர்களில் மருத்துவராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டு விலை குறைவு என்பது உண்மைதான். வேளாண்மைத் துறையின் நாட்டுப்புற வீட்டுக்கடன் திட்டத்தில், வருமான வரம்புக்குள் இருக்கும் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் முன்பணமில்லாமலே வீடு வாங்க முடியும். கான்சஸில் 2011இல் தொடங்கிய திட்டம் ஒன்று, பங்கேற்கும் கவுண்டிகளுக்கு வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை மாநில வருமான வரி விலக்கும், 15,000 டாலர் வரை கல்விக்கடன் உதவியும் அறிவித்தது. கெடுவும் நிபந்தனைகளும் மாறுவதால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். லிண்ட்ஸ்போர்க்குக்குப் பக்கத்திலுள்ள மார்க்கெட் (சந்தையல்ல, ஊரின் பெயரே அதுதான்) வீடு கட்டுவோருக்கு மனையையே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. இலவச மனையைக் கண்டு நான் மயங்க மாட்டேன். கொடுக்க வேண்டிய நிலை ஊருக்கு ஏன் வந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

எல்லாம் சரியென்று தோன்றினால் உடனே வாங்காமல் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். ஊரோடு பழகும் வேலை அந்த ஆண்டில்தான் நடக்கும், சிற்றூரின் ஈர்ப்பும் அதில்தான் இருக்கிறது. எதிரே வரும் பிக்கப் வண்டியின் ஓட்டுநர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் அரை அங்குலம் உயர்த்துவார். அதுதான் வணக்கம். பார்க்காததுபோல் போய்விட்டால் அது மறுநாள் காப்பிக் கடையில் பேச்சாகிவிடும். ஜூன் மாதக் கோதுமை அறுவடையின்போது, சாலையை அடைத்துக்கொண்டு போகும் அறுவடை இயந்திரத்தின் பின்னால் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போங்கள். மழைக்கு முன் கதிரைச் சேர்த்துவிட அந்தக் குடும்பம் நள்ளிரவுவரை உழைத்துக்கொண்டிருக்கும்.

அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நூலகத்திலோ பள்ளியின் வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துத் தின்பண்டக் கடையிலோ ஆள் தேவையா என்று நீங்களே போய்க் கேளுங்கள். தேவை எப்போதும் உண்டு. நான்கு லட்சம் பேர் வாழும் நகரத்தில் நீங்கள் வராவிட்டால் எவருக்கும் தெரியாது. நான்காயிரம் பேர் ஊரில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது உடனே கண்ணில் படும். லிண்ட்ஸ்போர்க்கின் 'மெசையா' குழுவில் மாணவர்களோடு ஊர்மக்களும் சேர்ந்தே பாடுகிறார்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் தேவாலய விருந்துக்கு அழைத்தால், மதம் வேறாயிருந்தாலும் எலுமிச்சைச் சோற்றோடு போங்கள். மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புளியும் உளுந்தும் தீர்ந்தால் 70 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் விச்சிட்டாவுக்குத்தான் போக வேண்டும் என்பதால், ஆறு மாதச் சரக்கை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உங்கள் வண்டி மருத்துவமனை வாசலில் நின்றால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று மாலைக்குள் மூன்று பேராவது விசாரிப்பார்கள். அது அக்கறையா மூக்கை நுழைப்பதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம், பெரும்பாலும் இரண்டும்தான். நம் கிராமத்துத் திண்ணையைக் கண்டு ஓடிவந்தவருக்கு இது பிடிக்காது.

ஓராண்டுக்குப் பிறகும் மனம் மாறவில்லையென்றால் வீட்டைத் தேடுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே வாங்குபவர், தனியார் கிணற்று நீருக்கு மத்திய அரசின் குடிநீர்த் தரக் கண்காணிப்பு கிடையாது என்பதை அறிந்திருக்க வேண்டும். வயல்களுக்கு நடுவே உள்ள கிணற்றில் உரத்தின் நைட்ரேட் கலந்திருக்கலாம் என்பதால், அது லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று வாங்குமுன் சோதித்துக்கொண்டு, பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். செப்டிக் டேங்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். கடைசியாகச் செய்ததற்கான ரசீதை விற்பவரிடம் கேளுங்கள். கான்சஸில் சூறாவளிக்காலம் உச்சத்தில் இருப்பது ஏப்ரலிலிருந்து ஜூன்வரை. நிலவறை இல்லாத வீடாக இருந்தால், சங்கு ஊதும்போது எங்கே போய் ஒதுங்குவது என்பதைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.