3060 வாங்கலாமா, 4060 வாங்கலாமா? கிராபிக்ஸ் கார்டு ஒப்பீட்டில் சறுக்கும் இடங்கள்

என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு அட்டவணையோடுதான் வருகிறார்கள். 3060 பக்கம்: 3584 குடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி வி-ரேம் (கார்டின் சொந்த நினைவகம்), 192 பிட் பஸ் (அந்த நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம்), நொடிக்கு 360 ஜிபி பேண்ட்விட்த் (அந்தப் பாதையில் போய்வரும் தரவின் அளவு). 4060 பக்கம்: 3072 கோர், 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. நான்கு வரியிலும் 2021-இல் வந்த பழைய கார்டுதான் முன்னால். ஆனால் 1080பி ரெசல்யூஷனில் கேம் போட்டுப் பார்த்தால், 2023-இல் வந்த 4060 சுமார் 15 முதல் 20 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அட்டவணையில் ஒரு எண்கூடத் தப்பில்லை. படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் ஓரளவு பொருள் உண்டு. தலைமுறை மாறினால் இல்லை. 3060-இன் பூஸ்ட் கிளாக் (கோர்கள் ஓடும் வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. கோர் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் வேகம். இரண்டையும் பெருக்கி, ஒரு கிளாக்குக்கு இரண்டு கணக்கு என்று இரட்டிப்பாக்கி வரும் டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு) அளவில் 3060-க்கு 12.7, 4060-க்கு 15.1. வித்தியாசம் 19 சதவீதம். கேமில் பார்த்ததற்குப் பொருந்திவிடுகிறது. ‘அப்போ டெராஃப்ளாப்ஸ் ஒன்றைப் பார்த்தால் போதுமே’ என்று இங்கே பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்கள் முந்தைய தலைமுறை 2080 டிஐ-யையும் அதற்கு அடுத்த தலைமுறை 3070-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னது 13.4, பின்னது 20.3. காகிதத்தில் 50 சதவீதம் கூடுதல். கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். காரணம் இது: 2080 டிஐ-யில் கோர்கள் அடங்கிய ஒவ்வொரு எஸ்எம் தொகுதியிலும் மிதவைப் புள்ளி (தசம எண்) கணக்குக்கு 64 கோர், முழு எண் கணக்குக்குத் தனியாக 64. 3070-இல் அந்த இரண்டாவது 64, இரண்டு வகைக் கணக்கையும் செய்யும். அதனால் 128 கோர் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். கேம் முழு எண் கணக்கு கேட்கும் நேரத்திலெல்லாம் அந்தப் பாதியில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

பஸ் அகலத்தைப் பார்த்து முகம் சுளிப்பது அடுத்தது. ‘128 பிட்டா, 50 கிளாஸ் கார்டு!’ (பெயர் 50 என்று முடியும் கீழ்மட்டக் கார்டு) என்ற வசவு 4060-ஐத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அதில் விலை குறித்த நியாயமான கோபமும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 3060-இன் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 3 எம்பி, 4060-க்கு 24 எம்பி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அஞ்சறைப் பெட்டி பெரிதாக இருந்தால் கடுகுக்கும் சீரகத்துக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வி-ரேமுக்குப் போய்வரும் நடை அதே மாதிரிக் குறைகிறது. ரெசல்யூஷன் ஏற ஏற அந்த கேஷ் போதாமல் போகும். ஆகவே 1080பி பென்ச்மார்க்கை (வேகச் சோதனையை) பார்த்துவிட்டு 4கே மானிட்டருக்குக் கார்டு வாங்காதீர்கள்.

வி-ரேம் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. ‘12 ஜிபி, அதனால் வேகம்’ என்பது ஒன்று. கேமுக்கு 6 ஜிபி போதுமென்றால் மிச்சம் சும்மாதான் இருக்கும். இதற்கு நேர் எதிரானது, ‘எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்) குறையவில்லை, அதனால் 8 ஜிபி போதும்’ என்பது. வி-ரேம் தீரும்போது எல்லா கேமும் தடுமாறிக் காட்டாது. சில கேம்கள் சத்தமில்லாமல் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) தரத்தை இறக்கிவிடும். எஃப்பிஎஸ் கவுண்டர் அசையாமல் 70 காட்டும். திரையில் செங்கல் சுவர் பூசி மெழுகியதுபோல் இருக்கும், கிட்டே போய்ச் சில நொடி நின்றால்தான் செங்கல் தெரியும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்த புதிதில் 8 ஜிபி கார்டுக்காரர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. பார் சார்ட் இதைக் காட்டாது. படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெயரை நம்புவது இன்னொரு வம்பு. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அதன் பஸ் 128 பிட், பேண்ட்விட்த் 240 ஜிபி. குறைந்தது வி-ரேம் மட்டுமல்ல. ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கோர், 3 ஜிபி கார்டுக்கு 1152. ஜிடி 1030 இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ள வகைக்கு நொடிக்கு 48 ஜிபி பேண்ட்விட்த், டிடிஆர்4 வகைக்கு 16.8. டெஸ்க்டாப் 4090-க்கு 16384 கோர், 24 ஜிபி. லேப்டாப் 4090-க்கு 9728 கோர், 16 ஜிபி. ‘4090 லேப்டாப்’ வாங்கியவர் டெஸ்க்டாப் 4090 பென்ச்மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. லேப்டாப்பில் ஒரே கார்டுக்குக் கம்பெனி எத்தனை வாட் விட்டிருக்கிறது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

கம்பெனி போடும் கிராஃபில் அடிக்குறிப்பை முதலில் படியுங்கள். 2025 ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில், 549 டாலருக்கு 4090-இன் பர்ஃபார்மன்ஸ் என்று 5070-ஐ அறிமுகப்படுத்தினார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். 6144 கோர் உள்ள கார்டு 16384 கோர் கார்டைப் பிடிப்பது எப்படி? என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 தொழில்நுட்பம் ஒரு நிஜ ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் வரை இட்டுக்கட்டித் தருவதையும் எண்ணிக்கையில் சேர்த்ததால். 4060-க்கும் 3060-க்கும் இதே கதைதான்: இப்படி ஃபிரேம் இட்டுக்கட்டும் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் 4060-இல் உண்டு, 3060-இல் இல்லை. படம் வழுவழுப்பாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 30 எஃப்பிஎஸ்ஸை 55 ஆக்கினாலும் மவுஸ் நகர்த்தும்போது கையில் அந்த 30-இன் மந்தம்தான் தெரியும். ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்து எடுத்த எண்ணை முதலில் பாருங்கள். பிறகு வேண்டுமானால் அதைச் சலுகையாக எண்ணிக்கொள்ளலாம்.

சராசரி எஃப்பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ‘1% லோ’ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) இல்லாத பென்ச்மார்க்கைத் தள்ளிவிடலாம். ஒரு கார்டு சராசரி 80, லோ 35. இன்னொன்று சராசரி 72, லோ 58 என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சண்டை நடக்கும் நேரத்தில் திரை திக்கினால் 80-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதோடு, சோதனை செய்தவரின் சிபியு எது என்றும் பாருங்கள். வேலரன்ட் மாதிரி கேமில் சிபியு முட்டிக்கொண்டு நின்றால் இரண்டு கார்டும் ஒரே எண்ணைக் காட்டும். அதை ‘இரண்டும் சமம்’ என்று படிக்கக் கூடாது. யூடியூப்பில் இரண்டு திரை, இரண்டு எண், பின்னணியில் இசை, கார்டை ஒருமுறைகூடக் கையில் எடுத்துக் காட்டாத வீடியோக்கள் ஏராளம். அவற்றில் பலவற்றில் எண்கள் கற்பனைதான்.

கடைசியாக, அட்டவணையில் யாரும் கவனிக்காத ஒரு வரி. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இல் 4060-க்கு 8 லேன் (தரவுப் பாதை) மட்டும். 3060-க்கு 16 லேன். புது மதர்போர்டில் இது பொருட்டே இல்லை. ஆனால் உங்களுடையது பி450 போன்ற 3.0 போர்டு என்றால் அந்த 8 லேனின் வேகம் பாதியாகும். வி-ரேம் நிரம்பி கம்ப்யூட்டரின் ரேமுக்கு வழியும்போதுதான் அது வலிக்கும். 8 ஜிபி கார்டில் அந்த நிலை சீக்கிரமே வரும். அப்படிப்பட்ட பழைய போர்டு வைத்திருப்பவர், அல்லது வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்க நினைப்பவர், வேகம் குறைந்த 12 ஜிபி 3060-ஐ எடுத்தால் தப்பே இல்லை. 1080பி-யில் கேம் மட்டும் ஆடுகிறவருக்கு, 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில் ஓடும் 4060.