‘டாக்டர் சொன்னார்’ என்பது காப்பாற்றாது: அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வருகிறது, பொட்டாசியம் 3.1, இயல்பைவிடக் குறைவு. அவரைக் கவனித்துக்கொண்டிருப்பவர் வார நாட்களில் வேறொரு கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது உயர்படிப்பு முடித்து, தாமே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் தகுதி பெற்ற உயர்நிலைச் செவிலியர். கூடுதல் வருமானத்துக்காக, தாம் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் வார இறுதி இரவுகளில் மட்டும் பதிவு பெற்ற செவிலியராக, அதாவது ஆர்என் ஆக, வருகிறார். கிளினிக்கில் இதே எண்ணைப் பார்த்திருந்தால் யாரையும் கேட்காமல் பொட்டாசியம் எழுதியிருப்பார். இங்கே பணியிலிருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பி, உத்தரவு வாங்கியே கொடுக்க வேண்டும். அவருடைய அறிவு இரவோடு இரவாகக் குறைந்துவிடவில்லை, லைசென்ஸும் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த மருத்துவமனை அவரை ஆர்என் பதவியில்தான் நியமித்திருக்கிறது, உத்தரவு எழுதும் உரிமையை வழங்கவில்லை. அதே வேளையில், அவர் அந்த எண்ணைக் கவனிக்கத் தவறினால், ‘இவ்வளவு படித்த உங்களுக்கு இதன் ஆபத்து தெரிந்திருக்க வேண்டாமா’ என்ற கேள்வியிலிருந்தும் தப்ப முடியாது.

‘இதை நான் செய்யலாமா?’ என்று நாம் ஒரே மூச்சில் கேட்கும் கேள்விக்குள் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. மாநிலச் சட்டம் அனுமதிக்கிறதா, என் படிப்பும் சான்றிதழும் இதை உள்ளடக்கியவையா, நான் வேலை பார்க்கும் நிறுவனம் இந்த உரிமையை எனக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறதா, இன்று இதைப் பாதுகாப்பாகச் செய்யும் தேர்ச்சி என்னிடம் உண்டா? நான்குக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் கை வைக்கலாம். பல ஆண்டுகளாக இளைய செவிலியர்களோடு பேசிப் பார்த்ததில், பெரும்பாலான சிக்கல்கள் ஏதோ ஒன்றுக்குக் கிடைத்த ‘ஆம்’ என்பதை நான்குக்கும் கிடைத்ததாக எடுத்துக்கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன என்று கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயின்று இங்கே வந்தவர்களுக்கு இதில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ‘டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்பது நாம் வளர்ந்த வார்டுகளில் ஏற்கத்தக்க பதிலாக இருந்தது. இங்கே, சொந்தப் பெயரில் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நிலைக்கு வந்த பிறகு, அந்தப் பதில் லைசென்ஸை வழங்கவும் பறிக்கவும் கூடிய எந்த மாநிலச் செவிலியர் வாரியத்தின் முன்னும் நம்மைக் காப்பாற்றாது.

மாநில எல்லையை மறப்பது

1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் மருத்துவர் ஹென்றி சில்வரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். 1971-ல் ஐடஹோ மாநிலம், செவிலியர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தில் முதன்முதலாக ஏற்றது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பணியின் எல்லையை வகுப்பது மத்திய அரசன்று, அந்தந்த மாநிலம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் முழு உரிமை உண்டு. மற்றவற்றில் மருத்துவரோடு ஒப்பந்தமோ மேற்பார்வையோ தேவை.

இதைக் காகிதத்தில் படிப்பதைவிட வரைபடத்தில் பார்ப்பது நல்லது. நியூ மெக்ஸிகோவின் லாஸ் குரூசஸ் நகரிலிருந்து டெக்சாஸின் எல் பாசோவுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு மாநிலங்களிலும் லைசென்ஸ் பெற்ற ஒருவர், காலையில் நியூ மெக்ஸிகோவில் எந்த மருத்துவரின் கையெழுத்தும் இன்றி மருந்து எழுதலாம். மதியம் எல் பாசோவில் அதே மருந்தை எழுத, ஒரு மருத்துவருடன் மருந்து எழுதும் அதிகாரம் குறித்த ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தப்படி நோயாளிக் குறிப்பேடுகள் மறு ஆய்வு செய்யப்படவும், இருவரும் குறித்த இடைவெளியில் கூடிப் பேசவும் வேண்டும். அடிமையாக்கும் ஆபத்து மிகுந்தவை என்று மத்திய சட்டம் இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கும் வலிநிவாரணிகளை டெக்சாஸில் மருத்துவமனை, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஆகிய சூழல்களில் மட்டுமே, அதுவும் நிபந்தனைகளோடு, எழுத முடியும். சாதாரண கிளினிக்கில் முடியாது. ஒப்பந்தம் செய்த மருத்துவர் வேலையை விட்டுப் போய்விட்டால் என்னவாகும் என்று பலர் யோசிப்பதே இல்லை. அவர் போன மறுநாள் நீங்கள் எழுதும் மருந்துச் சீட்டுக்கு அடிப்படையே இல்லாமல் போகக்கூடும். அதனால் மாற்று மருத்துவர் பெயர் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருக்கிறதா என்பதை வேலையில் சேரும்போதே பார்த்துவிட வேண்டும்.

தன்னுரிமைக்கு முன் பணிநேரம் கேட்கும் மாநிலங்களும் உண்டு. நியூயார்க் 3,600 மணி நேரமும், ஃபுளோரிடா முதன்மை மருத்துவத்துக்கு 3,000 மணி நேரமும், 2020-ல் இயற்றிய சட்டத்தின்படி கலிஃபோர்னியா மூன்று ஆண்டு முழுநேரப் பணி அல்லது 4,600 மணி நேரமும் கேட்கின்றன. மணிக்கணக்கு நிறைந்ததும் உரிமை தானாகவே வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது தவறு. ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் முறையாக விண்ணப்பித்து, வாரியத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகே அது உங்களுடையது.

தொலைமருத்துவத்தில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது. நோயாளி எந்த மாநிலத்தில் அமர்ந்திருக்கிறாரோ அங்கேதான் சிகிச்சை நடப்பதாகச் சட்டம் பொதுவாகக் கொள்கிறது. உங்களிடம் வழக்கமாக வரும் மூதாட்டி ஒருவர், வேறு மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். அங்கிருந்து காணொளியில் வந்து, ‘மாத்திரை தீர்ந்துவிட்டது’ என்கிறார். முதல் கேள்வி மாத்திரையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள், அம்மா?’ என்பதே முதல் கேள்வி. அந்தப் பதிலைக் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். ‘என் லைசென்ஸ் பல மாநிலங்களில் செல்லுமே’ என்பவர்கள், அந்தப் பல மாநில உடன்படிக்கை ஆர்என் லைசென்ஸுக்கும் அதற்குக் கீழுள்ள நடைமுறைச் செவிலியர் லைசென்ஸுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உயர்நிலைச் செவிலியர்களுக்காக 2020-ல் வகுக்கப்பட்ட உடன்படிக்கை தனி. ஏழு மாநிலங்கள் அதைச் சட்டமாக்கிய பிறகே அது உயிர் பெறும்.

சான்றிதழ் ஒன்று, நோயாளி வேறு

என் பார்வையில் மிகவும் ஆபத்தான தவறு இதுதான். மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறும் இதுவே. 2008-ல் செவிலியர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த நெறிமுறை, உயர்நிலைச் செவிலியரை நர்ஸ் பிராக்டிஷனர், மருத்துவத் துறைச் சிறப்புச் செவிலியர், செவிலிய மகப்பேற்றுத் துணையாளர், மயக்கவியல் செவிலியர் என நான்கு பணிகளாகவும், அவர்கள் கவனிக்கும் மக்களை ஆறு பிரிவுகளாகவும் வகுத்தது. குடும்ப நலம், முதியோர் உள்ளிட்ட பெரியவர்கள், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்பன அந்த ஆறு. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதன்மை மருத்துவம், தீவிர மருத்துவம் என மேலும் தனித்தனிப் படிப்புகள் உள்ளன.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு தோழி பத்தாண்டுகள் ஐசியூவில் ஆர்என் ஆக இருந்தவர். வெண்டிலேட்டரின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மாலை வகுப்பு வசதியாக இருந்ததால் குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்தார். உடனே ஒரு மருத்துவமனை அவரை ஐசியூவிலேயே நர்ஸ் பிராக்டிஷனராக நியமித்தது. அவருக்கும் மகிழ்ச்சி, மருத்துவர்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவருடைய படிப்பின் மருத்துவப் பயிற்சி நேரம் முழுவதும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தடுப்பூசி, காய்ச்சல் என்று வெளிநோயாளிகளோடு கழிந்தது. இரத்த அழுத்தம் நிலைகுலைந்து வெண்டிலேட்டரில் கிடக்கும் நோயாளிக்குச் சிகிச்சைத் திட்டம் வகுக்க அந்தப் படிப்பு அவரைத் தயார் செய்யவில்லை. பத்தாண்டு அனுபவமோ ஆர்என் என்ற தகுதியில் கிடைத்தது. வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய சான்றிதழின் பெயரை உரக்க வாசித்தாலே போதும். நல்ல வேளையாக, வழக்கு எதுவும் வருவதற்கு முன்பே அவர் தீவிர மருத்துவத்துக்கான முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்துவிட்டார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த நெறிமுறை எல்லையைக் கட்டடத்தை வைத்து வகுக்கவில்லை, நோயாளியின் தேவையை வைத்தே வகுக்கிறது. எனவே குடும்ப நலச் சான்றிதழ் பெற்றவர் மருத்துவமனைக்குள் நுழையவே கூடாது என்று பொருளில்லை. நிலையாக இருக்கும் நோயாளியை அவர் அங்கேயும் பார்க்கலாம். நிலை மாறும்போது யாரிடம் ஒப்படைப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மனநலச் சான்றிதழ் பெற்றவரிடம், ‘இதோடு என் பிரஷர் மாத்திரையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்’ என்று நோயாளி கேட்பதும் இதே வகைதான். பணியிடப் பயிற்சியோ வார இறுதிக் கருத்தரங்கோ ஒரு மக்கள் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு உங்களைக் கொண்டு செல்லாது என்பதில் டெக்சாஸ் வாரியம் வெளிப்படையாகவே உறுதியாக இருக்கிறது. அதற்கு முறையான படிப்பு வேண்டும்.

எல்லை என்பதே தடை என்ற மனச்சோர்வு வேண்டாம். 1983-ல் மிசௌரி மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் செர்ம்சீஃப் எதிர் கான்சாலஸ் வழக்கு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தில் பரிசோதனை செய்து கருத்தடைச் சாதனங்கள் வழங்கிய செவிலியர்கள், உரிமமின்றி மருத்துவத் தொழில் செய்கிறார்களா என்பதே கேள்வி. அவர்கள் எழுதப்பட்ட நெறிமுறைகளுக்கு உட்பட்டு, தங்கள் பயிற்சிக்கு ஏற்ற அளவில் செயல்பட்டிருந்தார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தம் அறிவின் எல்லையை அறிந்து, அதைத் தாண்டும் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவதையே அந்தத் தீர்ப்பு தொழில் நேர்மையின் அடையாளமாகக் கண்டது.

முழங்கால் வலியும் 85 விழுக்காடும்

முதியோருக்கான மத்திய அரசின் மெடிகேர் காப்பீடு, நர்ஸ் பிராக்டிஷனர் தம் சொந்தப் பதிவு எண்ணில் அனுப்பும் கட்டணத்துக்கு மருத்துவர் கட்டண அட்டவணையில் 85 விழுக்காடு தருகிறது. ‘இன்சிடென்ட் டூ’ என்ற விதியின்படி மருத்துவரின் எண்ணில் அனுப்பினால் முழுத்தொகை கிடைக்கும். அதற்கு, சிகிச்சைத் திட்டத்தை மருத்துவர் தொடங்கியிருக்க வேண்டும். அவருடைய நேரடி மேற்பார்வையும் தொடர் பங்கேற்பும் இருக்க வேண்டும். பார்ப்பது பழைய பிரச்சினையாகவே இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மறுபரிசோதனைக்கு வந்த ஒருவர், எழுந்து போகும்போது கதவுப்பிடியில் கை வைத்தபடி, ‘ஒரு வாரமாக முழங்கால் வலிக்கிறது’ என்கிறார். நீங்கள் மறுபடி அமரவைத்து முழங்காலைப் பார்க்கிறீர்கள். அது புதிய பிரச்சினை. மருத்துவர் அவரைப் பார்க்காத நிலையில் அந்த வருகைக்கான கட்டணத்தை மருத்துவரின் எண்ணில் அனுப்பினால் விதி மீறப்பட்டுவிட்டது.

‘கட்டணமெல்லாம் அலுவலகப் பிரிவின் வேலை’ என்று ஒதுங்குவதைத்தான் தவறு என்கிறேன். தவறான கட்டணக் கோரிக்கைகளுக்கு எதிரான மத்திய சட்டம் கடுமையானது. அது தேடி வரும்போது, அந்த வருகையைக் குறிப்பேட்டில் எழுதியவர் நீங்கள். தவிரவும், உங்கள் உழைப்பு எல்லாம் இன்னொருவர் எண்ணில் பதிவாகும்போது, ஆண்டு இறுதியில் ஊதிய உயர்வு கேட்க உங்கள் கையில் ஒரு கணக்கும் இருக்காது.

உறவினர், சக ஊழியர், சொந்த ஃபைல்

ஓய்வறையில் ஒருவர் இருமிக்கொண்டே, ‘ஒரு அசித்ரோமைசின் எழுதிக் கொடேன்’ என்று ஆன்டிபயாட்டிக் கேட்பார். பரிசோதனை இல்லை, குறிப்பேடு இல்லை, ஒவ்வாமை பற்றிய கேள்வி இல்லை. மருந்துச் சீட்டு மட்டும் உங்கள் பெயரில் இருக்கும். மறுத்துவிடுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை வீட்டாருக்கோ தமக்கோ எழுதுவதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. அந்த மருந்துகளை எழுதுவதற்கு டிஇஏ என்ற மத்திய போதைமருந்துத் தடுப்பு அமைப்பிடம் பெற வேண்டிய பதிவு, நீங்கள் எழுதும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. 2023 ஜூன் முதல் எட்டு மணி நேரப் பயிற்சியும் அதற்கு ஒருமுறை கட்டாயம். உறவினரின் மின்னணுக் குறிப்பேட்டைப் பாசத்தால் திறந்து பார்ப்பதும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் கண்ணில் மீறலே.

விசாவும் மௌனமும்

நிறுவனத்தின் ஆதரவில் விசாவும் கிரீன் கார்டும் நகரும்போது, ‘இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்’ என்ற மேலாளரின் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு எழாது. இந்த அச்சத்தை நானும் அனுபவித்திருக்கிறேன்; அதை அற்பமாகக் கருத மாட்டேன். ஆனாலும் நிறுவனம் உங்களுக்கு வேறு வேலை தரலாம் அல்லது தராமல் போகலாம், லைசென்ஸில் விழும் கறை நீங்கள் போகும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கூடவே வரும். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ‘இந்தப் பணி நிறுவனம் எனக்கு வழங்கிய உரிமைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று பணிவான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்மொழியாக வற்புறுத்துகிறவர்களில் பலர் எழுத்தில் பதில் தர முன்வர மாட்டார்கள்.

காப்பீடும் வாரியக் கடிதமும்

சிகிச்சைத் தவறு வழக்குகளுக்காக நிறுவனம் எடுக்கும் காப்பீடு முதலில் நிறுவனத்தைக் காக்கும். சொந்தமாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாரிய விசாரணைக்கான வழக்கறிஞர் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். இழப்பீட்டுக் கோரிக்கை வரும் காலத்தில் நடப்பிலிருந்தால் மட்டுமே செல்லும் வகைக் காப்பீடானால், வேலையை விடும்போது, பின்னர் வரும் கோரிக்கைகளுக்கான ‘டெயில்’ பாதுகாப்புக்கு யார் பணம் கட்டுவது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் சார்பில் கொடுக்கப்படும் இழப்பீடு எவ்வளவு சிறியதானாலும் தேசிய மருத்துவப் பணியாளர் தரவு வங்கியில் பதிவாகும் என்பதால், சமரசத்துக்கு உங்கள் சம்மதம் தேவை என்ற விதி காப்பீட்டில் இருப்பது மிக நல்லது.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தால், நேர்மையானவர்கள் பெரும்பாலும் அன்றிரவே அமர்ந்து நான்கு பக்கத்துக்கு மனம்விட்டு விளக்கம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதிலுக்கான கெடு தேதியைக் குறித்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் செவிலியர் லைசென்ஸ் வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞருக்கும் தெரிவியுங்கள். அந்த நோயாளியின் குறிப்பேட்டைத் திறந்து விடுபட்ட ஒரு வரியைக்கூடச் சேர்க்காதீர்கள். யார், எந்த நிமிடத்தில், எதைச் சேர்த்தார் என்பதை அது தனக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும்.