வயோலா பூக்களைச் சமையலில் பயன்படுத்துவோர் கவனத்திற்கு

சிறு தோட்டப் பூவான வயோலா, அதன் பெரிய உறவான பான்சி ஆகிய இரண்டின் இதழ்களையும் பச்சையாகவே உண்ணலாம். மணத்துக்குப் பெயர் பெற்றது வயோலா ஒடோராட்டா (ஸ்வீட் வயலட்) என்னும் நறுமண வகையே. மற்றவை பெரும்பாலும் இளங்கீரையின் சுவையோடு நின்றுவிடுவதால், அவற்றை சாலட்டிலும் கேக்கின் மேலும் நிறத்துக்காகச் சேர்ப்பதே பொருத்தம்.

பிரான்சின் துலூஸ் நகரில் வயலட் பூவைச் சர்க்கரையில் பதப்படுத்தி மிட்டாயாக விற்கிறார்கள். வீட்டில் செய்வதாயின், காம்பைப் பிடித்துக்கொண்டு, லேசாக அடித்த முட்டை வெள்ளைக்கருவை மெல்லிய தூரிகையால் இதழின் இருபுறமும் பூசி, பொடித்த சர்க்கரையைத் தூவி, இதழ் மொறுமொறுப்பாகும்வரை ஓரிரு நாள் காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். பூச்சு தடித்தால் இதழ் சுருண்டுவிடும்; என் முதல் முயற்சி அப்படித்தான் வீணாயிற்று.

நறுமண வகையின் ஊதாப் பூக்களில் காய்ச்சிய பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா நிறம் இளஞ்சிவப்பாக மாறும். இந்த நிறமாற்றத்தைக் கொண்டே 1664ஆம் ஆண்டில் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் அமிலத்தையும் காரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். இதே பூ யுனானி மருத்துவத்தில் 'பனஃப்ஷா' என்ற பெயரில் இருமலுக்கும் சளிக்குமான கஷாயங்களில் சேர்கிறது.

நர்சரியில் அலங்காரத்துக்காக வாங்கும் செடிகளில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால், விதையிலிருந்து நீங்களே வளர்த்த செடியின் பூக்களையே பறியுங்கள். வேரும் விதையும் வாந்தியை உண்டாக்கக்கூடியவை. வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கன் வயலட் பெயரில் மட்டுமே இதன் உறவு. அதைச் சமையலில் சேர்க்க வேண்டாம்.