இணைய கம்பெனிப் பங்கு: விலை இறங்கினால் மலிவு ஆகிவிடாது

போன வாரம் சித்தி மகன், அவன் வைத்திருக்கும் ஓர் இணைய கம்பெனிப் பங்கைப் பற்றிக் கேட்கப் போனில் கூப்பிட்டான். "அண்ணே, பாதி விலைக்கு வந்துருச்சு. இன்னும் நூறு ஷேர் வாங்கி ஆவரேஜ் பண்ணிடவா?" ஆவரேஜ் என்றால், விலை இறங்கும்போது மேலும் வாங்கி, நாம் வாங்கிய சராசரி விலையைக் குறைப்பது. 2022-இல் நான் சொன்ன அதே வார்த்தை. கடன் வாங்கிப் போடாதே, டிப்ஸை நம்பாதே என்பதெல்லாம் அவனுக்கே தெரியும், அவற்றை விட்டுவிட்டு மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

வெளியீட்டு விலைதான் மதிப்பு என்று நினைப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வெளியீட்டு விலை என்பது கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் விலை. 2021 நவம்பரில் பேடிஎம் பங்கு ₹2,150-க்கு வெளியானது. முதல் நாளே சுமார் 27 சதவீதம் விழுந்தது. 2,150 ரூபாய் பங்கு 1,560-க்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள், ஓராண்டில் அது 500-க்குக் கீழே போனதைப் பார்த்தார்கள்.

அந்த 2,150-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த கம்பெனியின் மதிப்பு சுமார் ₹1.39 லட்சம் கோடி. அதற்கு முந்தைய நிதியாண்டில் வருமானம் சுமார் ₹2,800 கோடி, நஷ்டம் சுமார் ₹1,700 கோடி. அதாவது வருமானத்தைப் போல ஏறக்குறைய 50 மடங்கு விலை. திரட்டிய ₹18,300 கோடியில் ₹10,000 கோடி, பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்த பணம். விற்கிறவருக்குப் பிடித்த விலையை நாம் ஏன் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்?

நான் மாட்டியது வேறொரு இணைய கம்பெனியில். நாலு தடவை ஆவரேஜ் செய்தேன். ஒவ்வொரு தடவையும் என் சராசரி விலை எவ்வளவு இறங்கியது என்று பார்த்தேனே தவிர, ஆண்டறிக்கையைத் திறக்கவே இல்லை. மகள் படிப்புக்கென்று போட்டிருந்த எஃப்டியை உடைத்த பணம் அது.

"அமேசானும் இப்படித்தான் விழுந்துச்சு"

விழுந்தது உண்மை. 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டியது, 2001-இல் 6 டாலருக்குக் கீழே போய் அப்புறம் மீண்டது. 2000 பிப்ரவரியில் 11 டாலருக்கு வெளியான பெட்ஸ்.காம் என்ற இணையக் கடை அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது. இந்தப் பெயரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

ஈசாப் செலவைக் கழிக்காத லாபம்

ஈசாப் (ESOP) என்பது கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்கு. அந்தச் செலவைக் கழிக்காமல் லாபம் காட்டினால், கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆப் எல்லார் போனிலும் இருக்கிறது

லாபம் இருக்கிறதா?

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "உன்கிட்ட ஒரு ஷேர்கூட இல்லைன்னு வச்சுக்கோ. இன்றைய விலையில் மொத்த கம்பெனியும் எத்தனை கோடி? அந்த விலைக்கு வாங்குவியா?" கம்பெனிக்கு மொத்தம் எத்தனை பங்கு என்றே அவனுக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான்.